ஆள் நடக்கும் சிக்னல் விழாமல் ரோட்டைக் கடக்கலாமா?

கேள்வி: கலிபோர்னியா வந்து மூன்று வாரம். வண்டியே இல்லாத தெருவில் சிக்னலுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி நாயோடு சாவகாசமாகக் கடந்து போய்விட்டார். போலீஸ் பிடிக்காதா?

பதில்: 2023 ஜனவரி 1 முதல் அப்படிப் பிடிப்பதில்லை. வண்டி மோதிவிடும் என்ற உடனடி ஆபத்து இருந்தால்தான் டிக்கெட், அதாவது அபராதச் சீட்டு.

பதில்: சரி, அதற்காகப் போனைப் பார்த்துக்கொண்டே இறங்காதீர்கள். அடிபட்டால் நம் தவறுக்கும் சேர்த்துத்தான் இழப்பீட்டில் கழிப்பார்கள்.

பதில்: எனக்கு முனையில் நிற்கும் கார்கள்தான் பயம். ஆள் கடக்கும் இடத்துக்கு முன்னால், வண்டி வரும் பக்கம் 20 அடிக்குள் நிறுத்தக் கூடாதென்று சட்டம் வந்ததும்தான், மகளோடு கடக்கும்போது எதிரே வருவது தெரிகிறது.

கேட்டவர்: நன்றி. நாளைக்குப் பாட்டி பின்னாலேயே போகிறேன்.