போர்ஃபிரின்–நானோகுழாய் கலவை: ஒளிர்வு குறையறது நிஜமா?

வணக்கம். வியாசர்பாடியில இருந்து எழுதுறேன், எம்.எஸ்சி வேதியியல் கடைசி செமஸ்டர். பல்சுவர் கார்பன் நானோகுழாய் மேல டெட்ராஃபீனைல்போர்ஃபிரின்ங்கிற ஒளிரும் சாயத்தை ஒட்ட வைக்கிற புராஜெக்ட். ஒளி பட்டதும் போர்ஃபிரின்ல இருந்து எலெக்ட்ரான் குழாய்க்குப் போகுதுன்னு காட்டணும். மூணு வாரமா ஒரே இடத்துல நிக்குது.

டிஎம்எஃப்ங்கிற கரைப்பான்ல ரெண்டையும் கலந்து, சூடாகாம இருக்க காசிமேட்டு ஐஸைப் போட்டு 1 மணி நேரம் சோனிகேட் (மீயொலியால கலக்குறது) பண்ணேன். 650 நானோமீட்டர்ல சிவப்பு ஒளிர்வு பாதியா குறைஞ்சுது. அவ்ளோ சந்தோஷம். ஆனா 0.2 மைக்ரான் டெஃப்லான் ஃபில்டர்ல வடிச்சா, கீழ இறங்குற திரவம் நல்ல கத்திரிப்பூ நிறம், அதாவது போர்ஃபிரின் அதுலயே வந்துடுது. மூணு தடவை கழுவின குழாயை மறுபடி கலக்கிப் பார்த்தா, 420 நானோமீட்டர் பக்கம் வர வேண்டிய சோரே உச்சி (போர்ஃபிரினோட முக்கிய உறிஞ்சல் உச்சி) சுத்தமா இல்லை. அப்ப ஒட்டவே இல்லையா? குழாய் கன்னங்கரேல்னு இருக்கு. அது ஒளியை விழுங்கினாலும் ஒளிர்வு குறையத்தானே செய்யும்.

குழாய் அளவைக் கால் பங்காக்கினேன். குளோரோஃபார்முக்கு மாத்தினேன், ராத்திரிக்குள்ள மொத்தமும் அடியில படிஞ்சிடுச்சு. சோனிகேஷனை 3 மணி நேரமாக்கியும் அதே கதைதான். ஒளிர்வு ஆயுளை அளக்குற கருவி எங்க லேப்ல கிடையாது. ஒளி உறிஞ்சலை அளக்குற யுவி-விசிபிளும், ஒளிர்வை அளக்குற ஃப்ளோரிமீட்டரும்தான் இருக்கு.

இந்த ரெண்டை மட்டும் வெச்சு, ஒளிர்வு குறையறது எலெக்ட்ரான் மாறுறதாலயா, குழாய் ஒளியை உறிஞ்சுறதாலயான்னு எப்படிப் பிரிச்சுக் காட்டுறது?