பீச் ஹவுஸ்: இரண்டு பேர், எட்டு ஆல்பங்கள், எப்படி இவ்வளவு காலம்?

கேள்வி: பின்னிரவுக்கேட்பவன்

அனைவருக்கும் வணக்கம். பீச் ஹவுஸ் குழுவின் ‘ஸ்பேஸ் சாங்’ பாடலைப் பலரையும் போல நானும் கைப்பேசியில் ஓடிய ஒரு குறுங்காணொளியின் பின்னணியில்தான் முதலில் கேட்டேன். அது 2015ஆம் ஆண்டிலேயே வெளிவந்த பாடல் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து அவர்களுடைய எட்டு ஆல்பங்களையும் வரிசையாகக் கேட்டு வருகிறேன். விக்டோரியா லெக்ராண்ட், அலெக்ஸ் ஸ்கேலி என்ற இருவர் மட்டும் 2004இல் அமெரிக்காவின் பால்டிமோரில் தொடங்கிய குழு, பெரிய இசை நிறுவனம் எதற்கும் போகாமல், பிரியவும் செய்யாமல் இன்றுவரை நிலைத்திருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. ‘ஒரே பாடலைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்’ என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது நியாயமான குறைதானா, அல்லது அவர்கள் நிலைத்ததற்கே அதுதான் காரணமா? நெடுநாளாகக் கேட்பவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

பதில்: ஆர்கன்பித்தன்

நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன், ஆனால் ‘ஒரே பாடல்’ என்பதை நான் ஏற்கவில்லை. 2006இல் கார்பார்க் என்ற இசை நிறுவனம் வெளியிட்ட முதல் ஆல்பத்தை ஸ்கேலியின் வீட்டு அடித்தளத்தில் இரண்டே நாட்களில் பதிவு செய்தார்கள். ஒரு பழைய ஆர்கன், அதோடு சேர்ந்து ஓடும் எளிய டிரம் மெஷின், ஒரு கிட்டார், ஒரு குரல் என்று கையில் இருந்ததை மட்டும் வைத்துக்கொண்டு செய்த வேலை அது. டிரம் வாசிக்க ஆள் இல்லாததால் வந்த அந்தத் தட்டையான, தூக்கக் கலக்கம் போன்ற தாளமே பின்னாளில் அவர்களுடைய அடையாளமாகிவிட்டது.

2010இல் சப் பாப் என்ற இசை நிறுவனத்தின் வழியாக வந்த ‘டீன் ட்ரீம்’ ஆல்பம்தான் திருப்புமுனை. நியூயார்க் மாநிலத்தில், ஒருகாலத்தில் தேவாலயமாக இருந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் தயாரிப்பாளர் கிறிஸ் கோடியுடன் சேர்ந்து அதைச் செய்தார்கள். ஐரோப்பாவில் அதை வெளியிட்ட பெல்லா யூனியன், காக்டோ ட்வின்ஸ் குழுவினர் 1997இல் தொடங்கிய நிறுவனம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். கனவு போல மிதக்கும் ஒலியுள்ள ட்ரீம் பாப் என்ற பாணிக்கே உருவம் கொடுத்தவர்கள், அடுத்த தலைமுறையின் கையைப் பிடித்து அழைத்துச் சென்றதாகவே அதை நான் எடுத்துக்கொள்கிறேன். 2012இல் வந்த ‘ப்ளூம்’ அமெரிக்க ஆல்பங்களின் தரவரிசையான பில்போர்டு 200 பட்டியலில் ஏழாம் இடத்தில் நுழைந்தது.

நீங்கள் கேட்ட கேள்விக்கான விடை அதன் பிறகு நடந்ததில்தான் இருக்கிறது என்பேன். அரங்குகள் பெரிதானபோது தங்கள் இசையும் தம்மை அறியாமலே உரத்துப் போய், தங்கள் இயல்பிலிருந்து விலகிவிட்டதாக இருவரும் உணர்ந்தார்கள். வேறு குழுவாக இருந்தால் அந்த வெற்றியின் மேலேயே இன்னும் பெரிதாகக் கட்டியிருக்கும். இவர்களோ 2015இல் ‘டிப்ரெஷன் செர்ரி’ ஆல்பத்தில் டிரம்ஸைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு மெட்டும் சில கருவிகளும் போதும் என்று திரும்பி வந்தார்கள். உங்களை இங்கே அழைத்து வந்த ‘ஸ்பேஸ் சாங்’ அந்த ஆல்பத்தில்தான் இருக்கிறது. ஆகஸ்டில் அது வந்து, அக்டோபரிலேயே இன்னொரு முழு ஆல்பத்தைப் பெரிய ஆரவாரமின்றி வெளியிட்டார்கள்.

பதில்: மென்தந்தி

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ‘ப்ளூம்’ ஆல்பத்தின் முதல் பாடலான ‘மித்’தை ஹெட்போனில், அவசரமில்லாத ஒரு நேரத்தில் கேட்டுப் பாருங்கள். முதலில் ஒரு சிறு மணியைத் தட்டுவது போன்ற ஓசை தனியாக வரும். அதன் மேல் ஒரே வடிவத்தில் சுழலும் சுரவரிசை வந்து சேரும். குரல் வருவதற்குள்ளாகவே நாம் ஓர் அறைக்குள் போய்விட்டது போலிருக்கும். சுரவரிசை அதிகம் மாறுவதில்லை, ஆனால் அதைச் சுற்றியுள்ள ஒலி கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டே போகிறது. மாற்றம் அங்கேதான் நிகழ்கிறது. அதே ஆல்பத்தின் கடைசிப் பாடல் முடிந்த பிறகு நீண்ட மௌனம் ஒன்றும், அந்த மௌனத்துக்கு அப்பால் பட்டியலில் பெயர் குறிப்பிடாத இன்னொரு பாடலும் இருக்கின்றன. பாடல் முடிந்துவிட்டது என்று நிறுத்தியவர்களுக்கு அது கிடைக்காது.

2018இல் வந்த ‘7’ ஆல்பத்தில், மேடையில் இரண்டு பேரால் வாசிக்க முடியுமா என்ற கவலையையே விட்டுவிட்டு, இசைக்கலைஞர் பீட்டர் கெம்பரின் துணையோடு பணியாற்றினார்கள். 2021 நவம்பரிலிருந்து 2022 பிப்ரவரிவரை நான்கு பகுதிகளாக வெளிவந்த ‘ஒன்ஸ் ட்வைஸ் மெலடி’யின் 18 பாடல்களையும் முழுக்கத் தாங்களே தயாரித்து, முதன்முறையாக நரம்பிசைக் குழுவையும் சேர்த்தார்கள். இவற்றையெல்லாம் கேட்ட பிறகும் ஒரே பாடல் என்று சொல்பவர், தயவுசெய்து இன்னொரு முறை கேட்க வேண்டும்.

பதில்: தளபாடம்

வருமானப் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். சப் பாப்பின் 49 சதவீதப் பங்கு பெரிய இசை நிறுவனமான வார்னரிடம் இருப்பதால் ‘சுதந்திரக் குழு’ என்ற சொல்லைக் கொஞ்சம் கவனமாகவே பயன்படுத்த வேண்டும். ஆனாலும் இசை பற்றிய முடிவுகள் அந்த இருவரிடமே இருந்திருக்கின்றன. ‘டீன் ட்ரீம்’ பாடல் ஒன்றை விளம்பரத்துக்குக் கேட்டு வந்த ஒரு கார் நிறுவனத்தை மறுத்தார்கள் என்பதும், பிறகு வந்த விளம்பரத்தின் இசை அந்தப் பாடலை ஒத்திருந்ததாகப் பேச்சு எழுந்ததும் 2012இல் பரவலாக வெளிவந்த செய்தி. அதே வேளையில் மற்ற கலைஞர்கள் தங்கள் பாடல்களை எடுத்தாள அவர்கள் தடையாக இருக்கவில்லை. அதே ஆண்டு வந்த, ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரின் ‘மனி ட்ரீஸ்’ பாடலுக்கு அடித்தளமாக ஒலிப்பது இவர்களுடைய ‘சில்வர் சோல்’தான். ட்ரீம் பாப் என்ற பெயரையே கேள்விப்படாத எத்தனையோ பேர் அதன் வழியாக இவர்கள் இசையைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டே பேர் என்பதால் செலவும் பங்கும் குறைவு, சண்டையிடவும் ஆள் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பின்னிரவுக்கேட்பவன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு ‘ப்ளூம்’ ஆல்பத்தை மீண்டும் கேட்டேன், இம்முறை கடைசிப் பாடலுக்குப் பிறகு நிறுத்தவில்லை. மௌனம் நீண்டுகொண்டே போனபோது ஒருமுறை கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் கவிழ்த்து வைத்தேன். மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் அந்தப் பாடல் தொடங்கியது.