சின்ன பிக்கப்பில் கருவிகளைப் பத்திரமாக வைப்பது: புதிதாக மெல்போர்ன் போயிருக்கும் டெல்டா தம்பிகளுக்கு

வலங்கைமான், நீடாமங்கலம், திருவாரூர்ப் பக்கத்திலிருந்து தச்சு வேலைக்கும் குழாய் வேலைக்கும் மெல்போர்ன் போயிருக்கும் தம்பிகள் நான்கைந்து பேர் இந்த ஆண்டு ஒரே கேள்வியைத் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள். பழைய சின்ன பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறோம், பின்பக்கம் திறந்து கிடக்கிறது, கருவிகளை எப்படிப் பத்திரமாக வைப்பது என்பதுதான் அந்தக் கேள்வி. அந்த நகரத்தில் 11 ஆண்டுகள் தச்சு வேலை பார்த்துவிட்டு, இப்போது பாபநாசத்தில் ஒரு குட்டி யானையில் கருவிகளை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகக் கதவு, ஜன்னல் வேலை செய்துவருகிறேன். இரண்டு ஊர் நடைமுறையும் தெரியும் என்பதால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நம் ஊரில் குட்டி யானையின் பின்னால் இழைப்புளியும் உளிப்பையும் கோணிச் சாக்கில் சுற்றிக் கிடக்கும். வண்டியை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால் யாரும் தொடுவதில்லை. முன்பின் தெரியாத ஒருவன் சாக்கில் கை வைத்தால், "தம்பி, அது யார் வண்டி தெரியுமா?" என்று கடை வாசலில் இருக்கும் ஒருவராவது கேட்டுவிடுவார். மெல்போர்னில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. வேலைத்தளத்தில் போடும் பளிச்சென்ற மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவன் பட்டப்பகலில் உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தால், அவனும் ஒரு தொழிலாளி என்று எண்ணி எல்லோரும் தம் வழியே போவார்கள். போர்செட்டில் செம்பு வயரை அறுத்துக்கொண்டு போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தத் திருட்டு தெருவில் நடப்பதில்லை, வயல் நடுவில் ஆளில்லாத மோட்டார் கொட்டகையில்தான் நடக்கும். அங்கே தெருவில் நிற்கும் உங்கள் பிக்கப்பையும் அந்தக் கொட்டகையாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் மெல்போர்ன் போன இரண்டாம் ஆண்டில் என் பெட்டி உடைபட்டது. காலை ஐந்தரை மணிக்கு வண்டியை எடுக்கப் போனபோது, அலுமினியப் பெட்டியின் மூடி பூட்டுக்குப் பக்கத்து மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு மேல்நோக்கி வளைந்திருந்தது. சாவியைப் போட்டுத் திருப்பினேன். பூட்டு ஒழுங்காகத் திறந்து ஒழுங்காக மூடியது. அதை அவர்கள் தொடவே இல்லை. மூலையில் நெம்புகோலைக் கொடுத்துத் தகட்டை வளைத்து, அந்த இடைவெளி வழியாகவே டிரில், வட்ட ரம்பம், நெயில் கன் எல்லாவற்றையும் எடுத்துப் போயிருந்தார்கள். அவற்றோடு, அப்பா ஊர்க் கொல்லரிடம் அடித்து வாங்கிய முக்கால் அங்குல உளியும் போயிற்று. புளியமரப் பிடியும் பித்தளைப் பூணும் போட்ட அந்த உளியை நான் ஊரிலிருந்து கொண்டுபோயிருந்தேன். மற்றவற்றை ஆறு மாதத்தில் மறுபடி வாங்கிவிட்டேன். அப்பா கொடுத்த கருவி உங்களிடம் இருந்தால், அன்றைய வேலைக்குத் தேவைப்பட்டால் ஒழிய அதை வண்டியில் ஏற்றாதீர்கள்.

பெட்டி வாங்கும்போது எல்லோரும் பூட்டைத்தான் பார்க்கிறார்கள்; நீங்கள் மூடியின் விளிம்பைப் பாருங்கள். மூடியை மூடிவிட்டு, பூட்டு இல்லாத மூலையில் இரண்டு கட்டைவிரலையும் வைத்துத் தூக்குங்கள். விரல் நுழையும் அளவுக்குத் தகடு எழும்பினால் நெம்புகோலும் நுழையும். விளிம்பு உள்பக்கமாக மடிக்கப்பட்டு, பெட்டியின் வாய் அதற்குள் அடங்குவதாகவும், பூட்டு இரண்டு இடங்களில் பிடிப்பதாகவும், கீல் உள்ளே இருப்பதாகவும் பார்த்து வாங்குங்கள். வெளியே தெரியும் கீலில் ஆணியைத் தட்டி எடுத்துவிட்டால் பூட்டு இருந்தும் பயனில்லை. வாங்கிய பெட்டி மெலிதாக இருந்தால் மூடியின் உள்பக்கம் சுற்றிலும் எல் வடிவ அலுமினியப் பட்டியை ரிவெட் அடித்துவிடுங்கள். தச்சருக்கு அது ஒரு மாலை நேர வேலைதான்.

அடுத்து, பெட்டியை வண்டியோடு பிடிக்கும் விதம். கடையில் கொடுக்கும் செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ நான்கை நம்பாதீர்கள், இரண்டு பேர் நெம்பினால் பெட்டியே கையோடு வந்துவிடும். 10 மி.மீ. போல்ட் குறைந்தது நான்கு போட வேண்டும், அதுவும் தலை வண்டிக்கு அடியிலும் நட் பெட்டிக்கு உள்ளேயும் இருக்கும்படி போட வேண்டும். நட் அடியில் இருந்தால் கீழே படுத்து ஸ்பேனரால் கழற்றிவிடலாம். தலை உருண்டையாக, ஸ்பேனர் பிடிக்க இடமில்லாத கோச் போல்ட் இதற்கு ஏற்றது. ஆனால் அதன் தலைக்குக் கீழே ஒரு சதுரக் கழுத்து இருக்கும். வட்டத் துளையில் அது பிடிக்காமல் போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதால், கனமான இரும்புப் பட்டையில் சதுரத் துளை அரம் போட்டு எடுத்து, அந்தப் பட்டையை அடியில் கொடுங்கள். பாரம் மெல்லிய தகட்டில் ஒரே புள்ளியில் விழாமல் பரவவும் அந்தப் பட்டை உதவும். துளையிடும் முன் வண்டிக்கு அடியில் படுத்து, எரிபொருள் தொட்டி, பிரேக் குழாய், வயர் ஆகியவை எங்கே ஓடுகின்றன என்று பார்த்துச் சுண்ணாம்புக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். துளையின் ஓரத்தில் துத்தநாகப் பெயின்ட் தடவாவிட்டால் துரு அங்கேதான் தொடங்கும்.

இது திருடனுக்காக மட்டும் செய்வதன்று. ஆஸ்திரேலியாவில் வண்டியில் ஏற்றும் சுமை, திடீரென பிரேக் போட்டால் தன் எடையில் 80 சதவீத அளவு முன்னோக்கியும், 50 சதவீத அளவு பக்கவாட்டிலும் பின்னோக்கியும் உந்தினாலும் நகராதபடி பிடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. கருவியோடு சேர்த்து 60 கிலோ உள்ள பெட்டி என்றால் முன்னோக்கி 48 கிலோ உந்துதலைத் தாங்க வேண்டும். சின்ன வண்டி என்பதால் பெட்டியைக் கேபினுக்கு ஒட்டினாற்போல் குறுக்காக வையுங்கள். கனமானவை அடியில் இருக்கட்டும். பெட்டியின் எடையும் நீங்கள் ஏற்றும் பாரத்தில் சேர்ந்துதான் கணக்காகும்.

கொண்டி வைத்துப் பூட்டுவதாக இருந்தால், வளையம் வெளியே தெரியாமல் உள்ளே மறைந்திருக்கும் வட்டப் பூட்டாகப் போடுங்கள். கம்பி வெட்டியின் வாய் அதில் நுழைய இடமில்லை. பேட்டரி கிரைண்டரின் முன் எந்தப் பூட்டும் நிற்காது என்பது உண்மைதான், ஆனால் கிரைண்டர் போடும் சத்தத்துக்கும் தீப்பொறிக்கும் அஞ்சிப் பெரும்பாலானவர்கள் அடுத்த வண்டியைத் தேடிப் போவார்கள். துணி மூடியைப் பாதுகாப்பு என்று கணக்கில் எடுக்காதீர்கள், அது மழைக்கு மட்டும்தான். கத்தியால் ஒரு கீறல் போதும். பின்கதவையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். பல பிக்கப்புகளில் கேபின் கதவைப் பூட்டினாலும் பின்கதவு பூட்டிக்கொள்வதில்லை. சிலவற்றில் அதைப் பாதி சாய்த்துத் தூக்கினால் கீலை விட்டே கழன்று வரும்.

இரவில் விலையுயர்ந்த கருவிகளை வீட்டுக்குள் எடுத்துவிடுவதற்கு ஈடான காவல் வேறு இல்லை. மூன்றாம் மாடியில் குடியிருந்துகொண்டு, பத்து மணி நேர வேலைக்குப் பிறகு அதைச் செய்வது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். அதனால் டிரில், ரம்பம், பேட்டரிகள், லேசர் மட்டம் ஆகியவற்றைக் கைப்பிடி உள்ள ஒரே பெட்டியில் தனியாக வைத்து, அந்த ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். சுத்தியல், கடப்பாரை, கிளாம்புகள் வண்டியிலேயே இருக்கட்டும். அடுக்குமாடியின் அடித்தள நிறுத்தத்தில் கேட் இருக்கிறதே என்று கேட்பீர்கள். முன்னால் நுழையும் காரின் வாலைப் பிடித்துக்கொண்டே அந்தக் கேட்டுக்குள் யாரும் நுழையலாம், நுழைந்த பிறகு அவன் வேலைக்கு அந்த இருட்டே துணை. முடிந்தால் பின்கதவு சுவரை ஒட்டியிருக்கும்படி வண்டியை நிறுத்துங்கள்.

பகலில் தொலைவது பெரும்பாலும் கவனக்குறைவால்தான். ஒரே ஒரு உளியை எடுக்கப் பெட்டியைத் திறந்துவிட்டு, வீட்டுக்காரர் கூப்பிட்டார் என்று உள்ளே போவீர்கள். ஒவ்வொரு முறையும் பூட்டுங்கள். சாவி இடுப்பில் இருக்கட்டும், மாற்றுச் சாவி கேபினுக்குள் இருக்கவே கூடாது.

வண்டிக்கு எடுத்த காப்பீடு பெரும்பாலும் கருவிகளுக்குப் பொருந்தாது என்பது எனக்குத் திருட்டு நடந்த அன்றுதான் தெரிந்தது. கருவிகளுக்கென்று தனியாக எடுக்க வேண்டும். எடுக்கும் முன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: இரவில் வண்டியில் இருந்தவற்றுக்குப் பணம் உண்டா, பூட்டை உடைத்த அடையாளம் வேண்டுமா, புதிய விலை தருவார்களா தேய்மானம் கழிப்பார்களா? ரசீதுகள் வெப்பத்தாளில் அச்சிடப்படுவதால் ஓராண்டில் மங்கிவிடும், வாங்கிய அன்றே படம் எடுங்கள். கருவியின் வரிசை எண் பெரும்பாலும் ஒட்டுத்தாளில்தான் இருக்கும், அதுவும் உரிந்துபோகும். ஓட்டுநர் உரிம எண்ணை, மாநிலத்தின் முதலெழுத்தோடு சேர்த்து, கருவியின் உடம்பிலேயே செதுக்கி வையுங்கள். பட்டியலின் ஒரு படி ஊரில் உள்ள உங்கள் வீட்டாரின் தொலைபேசியிலும் இருக்கட்டும்.

திருட்டு நடந்தபின் தெரியவந்தால் 131 444 என்ற எண்ணில் காவல்துறைக்குச் சொல்லிப் பதிவு எண் வாங்குங்கள், காப்பீட்டுக்கு அது வேண்டும். கண்ணெதிரே நடந்தால் 000. அவனோடு மல்லுக்கு நிற்காதீர்கள், அவன் கையில் இருப்பதும் கடப்பாரைதான்.

வந்த புதிதில் கையில் காசு இருக்காது. பாதி விலைக்கு டிரில் என்று இணையத்தில் பார்த்தால் கை நீளும். ரசீது இல்லாமலோ, எண் சுரண்டப்பட்டோ இருந்தால் வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது அங்கே குற்றம், அந்த வழக்கு உங்கள் விசா வரை வந்து நிற்கலாம்.

ஏர்டேக் (பொருள் இருக்கும் இடத்தைத் தொலைபேசியில் காட்டும் சின்ன வில்லை) போடலாமா என்று மன்னார்குடித் தம்பி கேட்டிருந்தார். போடலாம், ஆனால் மூடிய உலோகப் பெட்டிக்குள் அதன் சமிக்ஞை மங்கிவிடும் என்பதால் கருவியின் பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள். முன்பின் தெரியாத டேக் ஒன்று கூடவே வருகிறது என்று திருடனின் தொலைபேசியே அவனுக்குச் சொல்லிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். இடம் தெரிந்தால் நீங்கள் போகாமல் காவலரிடம் கொடுங்கள். பேட்டரிகளைக் கோடையில் பெட்டிக்குள் விட்டுவைக்காதீர்கள். வெளியே 40 டிகிரி என்றால் அலுமினியப் பெட்டிக்குள் அதைவிடக் கடுமையாக இருக்கும். கனடா போயிருப்பவர்களுக்கு நேர்மாறான கவலை: 0 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பேட்டரியை, வீட்டுக்குள் வைத்து அறையின் சூட்டுக்கு வரவிட்ட பிறகே மின்னேற்ற வேண்டும்.

துளையிடும் முன் வண்டியின் அடிப்பக்கத்தை நான்கு பக்கமிருந்தும் படம் எடுத்து இங்கே போடுங்கள். காலை ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்பும் முன் பார்ப்பேன், உங்களுக்கு அப்போது ஸ்மோகோ (காலைத் தேநீர் இடைவேளை) நேரம் ஒட்டி இருக்கும். எங்கே போல்ட் போடலாம் என்று படத்திலேயே குறித்து அனுப்புகிறேன்.