ரவாஷோலைக் காட்டிக்கொடுத்தது புகைப்படமா, தழும்பா?

சுவடிக்காரன்:
1892-இல் பாரிசில் குண்டு வைத்த அராஜகவாதி ரவாஷோல் பிடிபட்டதைக் காவல்துறைப் புகைப்படக்கலையின் முதல் பெருவெற்றி என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். ('அராஜகம்' நம் காதில் வசையாக ஒலித்தாலும் இங்கே அது அரசே வேண்டாம் என்ற ஒரு கொள்கையின் பெயர்.) எனக்கு இதில் உடன்பாடில்லை. கிளிஷி தெருவில் குண்டு வெடித்த அன்று வெரி உணவகத்துக்குச் சாப்பிட வந்து, அந்த வெடிப்பைப் பற்றி வாய் ஓயாமல் பேசிய ஆள், மூன்று நாள் கழித்து மார்ச் 30 அன்று மறுபடியும் வந்தபோது, செய்தித்தாளில் படித்திருந்த இடக்கைத் தழும்பை லெரோ என்ற பரிமாறுபவர் கவனித்துவிட்டார். அவ்வளவுதான். இதில் கேமராவுக்கு என்ன வேலை?

கயல்விழி:
பிடித்துக்கொடுத்தது பரிமாறுபவர் என்பதை யாரும் மறுக்கவில்லை. பிடிபட்டவர் முன்பு கோனிக்ஸ்டைன் என்ற பெயரில் சேந்த்-எத்தியேன் நகரில் அளவெடுக்கப்பட்டவரே என்று உறுதி செய்தது, கைதானவரின் உடல் அளவுகளையும் படத்தையும் ஓர் அட்டையில் பதிந்துவைக்கும் பாரிஸ் காவல்துறை அதிகாரி அல்போன்ஸ் பெர்த்தியோனின் முறை அல்லவா? அந்த உறுதியின் கனத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். குண்டுவெடிப்புகளுக்காகப் பாரிஸ் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் கடுந்தண்டனை மட்டுமே விதித்தது. தலை போனது, தனியே வாழ்ந்த ஒரு முதியவரைக் கொன்ற பழைய வழக்கில், மோன்பிரிசோன் நகரில், ஜூலை 11 அன்று. கொள்கைவாதியாக நின்றவரைச் சாதாரணக் கொலைகாரராக்கியது பழைய அடையாளம்தான்.

சுவடிக்காரன்:
நீங்கள் சொல்வது அளவைப் பற்றியது, படத்தைப் பற்றியதல்ல. பெர்த்தியோனுக்கு முன்பே பாரிஸ் காவல் தலைமையகத்தில் பல்லாயிரம் படங்கள் குவிந்திருந்தும், பிடிபட்டவர் பொய்ப் பெயர் சொன்னால் அந்தக் குவியலில் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று எவருக்கும் தெரியவில்லை. முகத்தை அகர வரிசையில் அடுக்க முடியாது. தலையின் நீளத்தையும் நடுவிரலின் நீளத்தையும் கொண்டு அட்டைகளை அடுக்கலாம். தேடல் முடிந்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் நேர்முகப் படமும், காதின் மடிப்புத் தெளிவாகத் தெரியும் பக்கவாட்டுப் படமும்.

முகில்:
இருவருமே பிடிபட்ட குற்றவாளியைப் பற்றிப் பேசுகிறீர்கள். 1894-இல் போர் அமைச்சகத்தில் எழுத்தராக இருந்த கலை விமர்சகர் ஃபெலிக்ஸ் ஃபெனெயோனையும் அராஜகவாதி என்று கைது செய்து அதே முறையில் படமெடுத்தார்கள். முப்பது பேரைச் சேர்த்து விசாரித்த 'முப்பதுபேர் வழக்கில்' அவர் விடுதலையானார், ஆனால் படம் இன்றும் இருக்கிறது. பிடிப்பதற்கு மட்டுமல்ல, இனிக் கண்காணிப்பதற்கும் படம் தேவைப்பட்டது.

கயல்விழி:
முகில் சொன்னதற்கு லண்டன் இன்னும் நல்ல சாட்சி. வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்கள் கேமரா முன் நிற்க மறுத்ததால், 1913 வாக்கில் சிறை முற்றத்தில் அவர்கள் நடக்கும்போது அவர்களுக்குத் தெரியாமலே தொலைவிலிருந்து படமெடுத்தார்கள். அதே போராட்டத்தில் மான்செஸ்டர் ஓவியக்கூடத்தைத் தாக்கிய ஈவ்லின் மனெஸ்டாவின் மூலப் படத்தில் அவர் கழுத்தை ஒரு கை வளைத்துப் பிடித்திருக்கிறது. சுற்றுக்கு அனுப்பிய பிரதியில் அந்தக் கை கழுத்துத் துணியாக மாற்றி வரையப்பட்டிருக்கிறது.

சுவடிக்காரன்:
மனெஸ்டா விஷயத்தில் நான் மறுக்கவில்லை. ரவாஷோல் விஷயத்தில் லெரோவின் கண்ணையே இன்னும் நம்புகிறேன்.