சிவில் 3டி சாலை மாடலைக் கருவியில் ஏற்றினால் மூன்று இடங்களில் ஒத்துப்போகவில்லை

மட்டக்கோல் (கேள்வி):
வணக்கம். மதுரையை ஒட்டி 6.4 கி.மீ. நான்குவழிச் சாலை. டிசைன் முழுக்க சிவில் 3டி மென்பொருளில், யுடிஎம் (வரைபட ஆயத்தொலைவு முறை) 44 வடக்கு மண்டலத்தில். அலைன்மென்டையும் (சாலையின் மையக்கோடு) காரிடாரின் (சாலையின் முப்பரிமாண மாடல்) டாப் சர்ஃபேஸையும் லேண்ட்எக்ஸ்எம்எல் (டிசைன் தரவைப் பரிமாறும் வடிவம்) கோப்பாக எடுத்து ஜிபிஎஸ் கண்ட்ரோலரில் ஏற்றியிருக்கிறோம். டோட்டல் ஸ்டேஷனில் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) ஐபி (மையக்கோட்டின் இரு நேர்கோடுகள் சந்திக்கும் புள்ளி) அட்டவணையைக் கையால் அடித்திருக்கிறோம். காரிடார் ஃப்ரீக்வென்சி (குறுக்குவெட்டுகளின் இடைவெளி) எல்லா இடத்திலும் 25 மீ.

1. ஐபி 7-இல் ஆரம் 360 மீ., டிஃப்ளெக்ஷன் (திசை திரும்பும் கோணம்) 30 டிகிரி, இருபுறமும் டிரான்சிஷன் (நேர்கோட்டிலிருந்து வட்டத்துக்கு மெல்ல மாறும் வளைவு) 60 மீ. இரண்டு கருவியும் கணக்கிட்டுத் தரும் ஆயத்தொலைவை ஒப்பிட்டால், வளைவின் நடுவில் டோட்டல் ஸ்டேஷனின் மையக்கோடு 43 செ.மீ. வெளியே போகிறது. வளைவு தாண்டியதும் அதில் செயினேஜ் (தொடக்கத்திலிருந்து மையக்கோட்டு வழியே தூரம்) 21 செ.மீ. கூடுதல்.

2. செயினேஜ் 3+420-இல் (3 கி.மீ. 420 மீ.) பள்ள வளைவு. நீளம் 120 மீ., கிரேடு (சரிவு) வித்தியாசம் 4 சதவீதம். சர்ஃபேஸ் காட்டும் லெவல் சில செயினேஜில் புரொஃபைலோடு (மையக்கோட்டு வழியே லெவல் கோடு) அப்படியே பொருந்துகிறது, இடையில் 26 மி.மீ. வரை உயர்ந்து நிற்கிறது.

3. கண்ட்ரோல் பாயிண்டில் டோட்டல் ஸ்டேஷனை நிறுத்தி 600 மீ. தள்ளி ஒரு புள்ளி குறித்தால், ஜிபிஎஸ்ஸில் அடித்த பெக்கைத் தாண்டி அரை மீட்டர் போகிறது.

கோப்பு ஏற்றுமதியில் தவறா, கருவி அமைப்பில் தவறா?

பேக்சைட்:
மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. தனித்தனியாகப் பாருங்கள்.

முதலாவது, கையால் அடித்ததில் டிரான்சிஷன் நீளம் விட்டுப்போயிருக்கிறது. டிரான்சிஷன் வைத்தால் வட்ட வளைவு உள்பக்கம் நகரும். அந்த ஷிஃப்ட், டிரான்சிஷன் நீளத்தின் வர்க்கத்தை ஆரத்தின் 24 மடங்கால் வகுத்தது: 3600 ÷ 8640 = 0.417 மீ. ஐபி-ஐ நோக்கிய திசையில் அதை 15 டிகிரியின் சீகண்டால், அதாவது 1.035-ஆல் பெருக்கினால் 0.431. உங்கள் 43 செ.மீ. அதுதான். டிரான்சிஷன் உள்ள பாதை சற்றுக் குட்டை என்பதால், இல்லாத கணக்கில் செயினேஜ் கூடும். இந்த வளைவுக்கு அது 0.21 மீ. இரண்டு எண்ணும் சேர்ந்து பொருந்துவதால் வேறு காரணம் தேடவே வேண்டாம்.

ஐபி அட்டவணையை அழித்துவிட்டு டோட்டல் ஸ்டேஷனிலும் அதே லேண்ட்எக்ஸ்எம்எல்லை ஏற்றுங்கள். லைக்கா என்றால் கார்டில் டேட்டா ஃபோல்டருக்குள் வைக்க வேண்டும். டிரிம்பிள் அக்சஸ் என்றால் அந்தந்த ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள். ஏற்றும் முன் கோப்பை நோட்பேடில் திறந்து 'ஸ்பைரல்' என்ற குறிச்சொல்லைத் தேடிப் பாருங்கள். இருபுறமும் டிரான்சிஷன் உள்ள ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டு இருக்க வேண்டும், வகை 'கிளோதாய்டு' (சாலை டிரான்சிஷனுக்கான சுருள் வளைவு) என்றிருக்க வேண்டும். ரயில் பாதைக்கான க்யூபிக் பரபோலா சாலைக் கோப்பில் தெரியாமல் நுழைந்திருப்பதும் உண்டு, அதையும் அங்கேயே பிடித்துவிடலாம்.

இன்னொன்று: லேண்ட்எக்ஸ்எம்எல்லில் ஒரு புள்ளி எழுதப்படும் வரிசை நார்த்திங், ஈஸ்டிங், லெவல். யாராவது அதிலிருந்து எண்களை வெட்டி சிஎஸ்வி செய்தால் முதல் இரண்டும் இடம் மாறும். மதுரைப் பக்கம் நார்த்திங் பத்து லட்சத்துக்கு மேல், ஈஸ்டிங் இரண்டு லட்சத்துக்குள். பார்த்த உடனே தெரிந்துவிடும்.

தெற்குக்கோடு:
இரண்டாவதுக்கு வருகிறேன்.

சர்ஃபேஸ் என்பது முக்கோணங்கள். 25 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு என்றால் இடையில் பரபோலா இல்லை, நேர்கோடுதான். பள்ள வளைவில் அந்த நேர்கோடு வளைவுக்கு மேலே நிற்கும். எவ்வளவு மேலே என்றால், இடைவெளியின் வர்க்கத்தை கே மதிப்பின் 800 மடங்கால் வகுத்தது. உங்கள் கே 120 ÷ 4 = 30. ஆக 625 ÷ 24000 = 0.026 மீ. குறுக்குவெட்டு விழும் செயினேஜில் பொருந்தி, நடுவில் 26 மி.மீ. உயர்வது இதனால்தான். மேட்டு வளைவில் இதே அளவு தாழ்த்திக் காட்டும். அங்கே மண் போதாமல் போகும்.

படுக்கை வளைவில் இன்னும் மோசம். 360 மீ. ஆரத்தில் 25 மீ. நாண், வளைவிலிருந்து நடுவில் 217 மி.மீ. விலகும். 10 மீட்டருக்கு 35 மி.மீ., 5 மீட்டருக்கு 9 மி.மீ. சர்ஃபேஸின் ஓரத்தை கேரேஜ்வே ஓரம் என்று நம்பி கெர்ப் பெக் அடித்தால் கெர்ப் கோணல் கோணலாகத்தான் வரும்.

காரிடார் ப்ராப்பர்ட்டீஸில் ஃப்ரீக்வென்சியைத் திறந்து டேன்ஜென்ட், கர்வ், ஸ்பைரல், புரொஃபைல் கர்வ் நான்கையும் தனித்தனியே மாற்றுங்கள். டேன்ஜென்ட் 10 போதும், மற்ற மூன்றும் 5. கோப்பு பெருக்கும், பழைய கண்ட்ரோலர் திணறும். அப்போது சர்ஃபேஸை 2 கி.மீ. துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றும் அடுத்ததன் மேல் 50 மீ. படியும்படி வையுங்கள்.

ஆனால் உண்மையான தீர்வு அது இல்லை. குறியிடும் வேலைக்கு சர்ஃபேஸை மட்டும் அனுப்பவே கூடாது. அலைன்மென்ட், டிசைன் புரொஃபைல், குறுக்குவெட்டு மூன்றும் போனால் கருவி ஒவ்வொரு செயினேஜுக்கும் பரபோலாவையும் கிளோதாய்டையும் தானே கணக்கிடும், நாண் பிழையே வராது. அவுட்புட் டேபில் 'எக்ஸ்போர்ட் டு லேண்ட்எக்ஸ்எம்எல்' திறந்ததும் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு, வேண்டிய அலைன்மென்டையும் அதன் டிசைன் புரொஃபைலையும் மட்டும் டிக் செய்யுங்கள். தரை புரொஃபைலும் கூடவே போய்விட்டால் களத்தில் எந்தப் புரொஃபைல் என்று கருவி கேட்கும். அவசரத்தில் ஒருவர் தரையைத் தேர்ந்துவிட்டால் அன்றைய பெக் எல்லாம் வீண்.

சூப்பர் எலிவேஷன் (வளைவில் வெளி ஓரத்தை உயர்த்துவது) இருக்கும் இடத்தில் அலைன்மென்டும் புரொஃபைலும் மையக்கோட்டு லெவலை மட்டுமே தரும். ஓர லெவலுக்குக் கருவியில் டெம்ப்ளேட்டும் சூப்பர் எலிவேஷன் அட்டவணையும் வேண்டும், அல்லது 5 மீ. இடைவெளிக் குறுக்குவெட்டுகள் வேண்டும்.

பென்ச்மார்க்:
மூன்றாவது ஸ்கேல் ஃபேக்டர், அதாவது வரைபட (கிரிட்) தூரத்துக்கும் தரைத் தூரத்துக்கும் உள்ள விகிதம். யுடிஎம் 44-இன் மையத் தீர்க்கரேகை 81 டிகிரி, அங்கே ஃபேக்டர் 0.9996. மதுரை 78.1-இல், மண்டலத்தின் மேற்கு விளிம்பில் இருக்கிறது. அங்கே ஃபேக்டர் சுமார் 1.00083 ஆகிவிடும். ஒரு கிலோமீட்டருக்கு 83 செ.மீ. கிரிட் தூரம் தரைத் தூரத்தைவிட நீளம். 600 மீட்டருக்கு 50 செ.மீ. டோட்டல் ஸ்டேஷனில் ஸ்கேல் 1 என்று விட்டிருப்பதால், கிரிட் தூரத்தை அப்படியே தரையில் அளந்து தாண்டிப் போகிறது.

தூரத் திருத்த அமைப்பில் உங்கள் கண்ட்ரோல் பாயிண்டுகளில் கணக்கிட்ட ஃபேக்டரை இடுங்கள், ஏறக்குறைய +830 பிபிஎம் (பத்து லட்சத்தில் 830 பங்கு) வரும். பிறகு தெரிந்த இன்னொரு கண்ட்ரோல் பாயிண்டை அளந்து பாருங்கள். குறி மாறிப் போயிருந்தால் பிழை இரட்டிப்பாகும், அங்கேயே தெரியும். பிழை பொறுக்காமல் டிசைன் கோப்பையே ஸ்கேல் செய்துவிடாதீர்கள். ஆரம், செயினேஜ், புரொஃபைல் எல்லாம் உருண்டை எண் இழந்து, வரைபடத்தோடு எதுவும் ஒத்துவராது.

இதே கணக்கில் 6.4 கி.மீ. டிசைன் நீளம் தரையில் 5.3 மீ. குறைவாகவே இருக்கும். நீளத்தை வைத்து பில் போடும் அயிட்டங்களில் இது பேச்சுக்கு வரும், இப்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

லெவலுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பகுதியில் எலிப்சாய்டு உயரத்துக்கும் (ஜிபிஎஸ் தருவது) கடல்மட்ட உயரத்துக்கும் 90 மீ. அளவுக்கு வித்தியாசம் உண்டு. அதைத் திருத்தும் ஜியாய்டு மாடல் ஏற்றினாலும் டம்பி லெவலால் கொண்டுவந்த பென்ச்மார்க்குகளில், சாலையின் இரு முனையிலும் நடுவிலும், ஜிபிஎஸ் ரோவரை வைத்துச் சரிபார்க்காமல் லெவல் பெக் அடிக்க வேண்டாம்.

மட்டக்கோல்:
மூவருக்கும் நன்றி. லேண்ட்எக்ஸ்எம்எல் ஏற்றியதும் ஐபி 7 மில்லிமீட்டரில் பொருந்திவிட்டது. +830 இட்டதும் அடுத்த கண்ட்ரோல் பாயிண்ட் 8 மி.மீ.க்குள் வந்தது. ஒரு சந்தேகம்: மண் சமன்செய்யும் கிரேடர்காரர் சர்ஃபேஸ்தான் வேண்டும் என்கிறார். அவருக்கு டாப் சர்ஃபேஸைக் கொடுக்கலாமா?

தெற்குக்கோடு:
கொடுக்காதீர்கள் சார். டாப் என்பது முடிந்த தார்ப்பரப்பு. மண் வேலைக்கு டேட்டம் லிங்க் (சாலை அடுக்குகளுக்கு அடியில் உள்ள மண் பரப்பு) குறியீட்டில் தனி சர்ஃபேஸ் உருவாக்குங்கள், ஓவர்ஹேங் கரெக்ஷனை 'பாட்டம் லிங்க்ஸ்' என்று வையுங்கள், பவுண்டரியாகக் காரிடார் எல்லையைக் கொடுங்கள். பவுண்டரி விட்டால் வளைவின் உள்பக்கம் முக்கோணங்கள் வெட்டவெளியில் பாயும், கிரேடர் அங்கேயும் லெவல் காட்டும். ஜிஎஸ்பி (சரளை), டபிள்யூஎம்எம் (ஈரக்கலவை ஜல்லி) அடுக்குகளுக்கும் தனித்தனிக் கோப்பு.

கோப்பின் பெயரிலேயே அடுக்கு, செயினேஜ், ரிவிஷன் எண் மூன்றும் இருக்கட்டும். புது ரிவிஷன் ஏற்றும் அன்றே பழையதைக் கண்ட்ரோலரிலிருந்து அழித்துவிடுங்கள். ஏற்றியதும் சிவில் 3டியில் எடுத்த லெவல் பட்டியலில் மூன்று புள்ளிகளை, ஒன்று டேன்ஜென்டில், ஒன்று ஸ்பைரலின் நடுவில், ஒன்று முழு சூப்பர் எலிவேஷனில், இடது ஓரத்தில் திரையோடு ஒப்பிடுங்கள். இடது என்பது ஏன் என்றால், அலைன்மென்ட் திசை தலைகீழாக இருந்தால் இடமும் வலமும் மாறிவிடும், மையக்கோட்டை மட்டும் பார்த்தால் அது தெரியாது. 3 மி.மீ.க்குள் இருந்தால் கிரேடரை இறக்கலாம்.