பூட்டிய கோயிலும் அந்தப் படமும்

சாயல்குடிப் பக்கத்து ஆள்:

குடும்ப மானம், பழிக்குப் பழி என்று வரும் படத்தைப் பார்க்கும்போது உங்கள் வீட்டுக் கதையே எதிரில் வந்து நின்றதுண்டா? இருந்தால் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

எங்கள் ஊர் சாயல்குடிக்குத் தெற்கே, கடலோரம். குலசாமிக்கு மாசிக் களரிதான் பெரிய விசேஷம். சிவராத்திரிக்கு எந்த ஊரில் பிழைத்தாலும் பங்காளிகள் வந்து சேர்ந்துவிடுவார்கள். முதல் பரிவட்டம் எங்கள் வகையறாவுக்கா, பெரியப்பா வகையறாவுக்கா என்ற பேச்சு ஒரு வருடம் அரிவாள்வரை போனது. சித்தப்பாவுக்குத் தோளில் வெட்டு. கோயிலைப் பூட்டி அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அதுவரை இரண்டு வீட்டுக் கருப்பட்டியும் ஒரே வண்டியில்தான் சந்தைக்குப் போகும். அதுவும் நின்றுபோனது. அப்புறம் வருடக்கணக்கில் வாய்தா. கருப்பட்டி விற்ற காசு பஸ்ஸுக்கும் வக்கீலுக்கும் போனது.

1995-ல் அக்கா மகனுக்குக் காதுகுத்து. டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்துவந்து தெருவில் வைத்து, விடிய விடியப் படம். இரண்டாவதாகப் போட்டது ‘தேவர் மகன்’. 1992 தீபாவளிக்கு வந்த கமல் படம், பாதிப் பேர் ஏற்கெனவே பார்த்ததுதான். சிலம்பச் சண்டைக்கு இளவட்டங்கள் விசிலடித்துக்கொண்டிருந்தார்கள். பங்காளிப் பகையில் பூட்டிக் கிடக்கும் கோயிலின் பூட்டை, வடிவேலு நடித்த இசக்கி உடைக்கிற இடம் வந்ததும் தெருவே அடங்கிவிட்டது. எங்கள் கோயில் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.

பிறகு இசக்கி ஒரு கையை இழந்து கிடப்பான். முன் வரிசையில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். வெட்டுப்பட்ட பிறகு அவருடைய வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. அப்பா எழுந்து, “நிப்பாட்டுங்கப்பா” என்றார். சித்தப்பா திரும்பவே இல்லை. “ஓடட்டும்ண்ணே. முடிவு என்னன்னு பாப்பம்” என்றார்.

தண்ணீர் எடுக்க எழுந்து போனபோதுதான் பார்த்தேன். ஓலை வேலிக்கு அந்தப் பக்கம், இருட்டில் பெரியப்பா நின்று படம் பார்த்துக்கொண்டிருந்தார். விசேஷத்துக்கு அவரை யாரும் அழைக்கவில்லை. நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரியும். போகவில்லை. எதிரியைக் கொன்றுவிட்டு, அரிவாளைப் போடச் சொல்லி ஊரைக் கெஞ்சி, நாயகன் சக்தி போலீஸோடு ரயிலேறுகிற வரைக்கும் நின்றார்.

தங்கச்சிமடம்:

எங்கள் கதையில் கோயில் இல்லை, வலை. நாங்கள் நாட்டுப்படகு. ஒரு ராத்திரி விசைப்படகு ஒன்று எங்கள் நண்டு வலைமேலே ஏறிப் போய்விட்டது. கந்துவட்டிக்கு வாங்கிப் போட்ட வலை. யார் படகு என்று தெரியும். போய்க் கேட்டதற்கு அண்ணனைத் தாயைச் சொல்லித் திட்டி அனுப்பினார்கள். அவனுக்கு வலையைவிட அந்த வார்த்தைதான் வலித்தது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகுகள் ஆளில்லாமல் வரிசையாக நிற்கும். அந்த நாட்களில் அண்ணன் தினமும் போனில் இப்படிப்பட்ட படமாகவே பார்ப்பான். ஒருநாள் ராத்திரி டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். வாசலில் படுத்திருந்த ஐயா எழுந்திருக்காமலே கேட்டார்: “அந்தப் படகுல கூலிக்குப் போறவன் எத்தன பேருன்னு எண்ணுனியாடா?” அதில் இரண்டு பேர் எங்கள் தெரு. கேன் திண்ணையிலேயே இருந்தது.

அதே வருடம் வாடைக்காற்றில் எங்கள் என்ஜின் நின்று, பாம்பனுக்கு வடக்கே தத்தளித்தோம். கயிறு போட்டு இழுத்துவந்தது அந்த விசைப்படகுதான். கரைவரை அவர்களும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. இன்றைக்கும் பேச்சு கிடையாது. ஆனால் கயிற்றைக் கழுவிக் காயவைத்துத்தான் அண்ணன் திருப்பிக் கொடுத்தான்.

பரமக்குடி:

கமல் 1954-ல் பிறந்தது எங்கள் ஊரில். அதனாலேயே அந்தப் படத்தை எங்கள் மண்ணில் எடுத்ததாகச் சின்ன வயதில் நினைத்திருந்தேன். எடுத்தது பொள்ளாச்சிப் பக்கம். அந்தப் பச்சை இங்கே ஏது? ஆனால் பகைக்காகக் கரையை உடைத்து, வெள்ளத்தில் குழந்தைகள் சாகிற காட்சியில் என் அப்பத்தா வாய்விட்டு அழுதது. கண்மாய்த் தண்ணீரை நம்பிப் பிழைத்த ஆள். வெட்டு குத்தையெல்லாம் கண் இமைக்காமல் பார்த்தது, கரையில் கை வைத்ததைத்தான் அதால் பொறுக்க முடியவில்லை.

கீழக்கரைப் பெண்:

எல்லோரும் அரிவாளைப் பற்றியே எழுதுகிறீர்கள். எனக்கு அதில் ரேவதி நடித்த பஞ்சவர்ணம்தான். எதிரிக்குப் பயந்து மாப்பிள்ளை ஓடிவிட, சபையில் மானம் போகக் கூடாது என்று சக்தியே தாலி கட்டுவான். அந்த நிமிடத்தில் அவளிடம் யார் கேட்டார்கள்? ரேவதிக்கு அந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. அந்தக் கண்ணில் இருந்த பயத்துக்கே கொடுக்கலாம்.

எங்கள் வீட்டில் இரண்டு மாமாக்களுக்குள் சொத்துத் தகராறு. ஒருவர் பேசி முடித்த சம்பந்தத்தை இன்னொருவர் வீம்புக்குக் கலைத்தார். அதே தேதியில் வேறு மாப்பிள்ளை பார்த்து என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். வாப்பா, “நம்ம குடும்பப் பேரு நின்னுச்சு” என்று சந்தோஷப்பட்டார். உம்மா மட்டும் ராத்திரி என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். நல்ல மனிதர்தான் வாய்த்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் அந்தக் காட்சி வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

சாயல்குடிப் பக்கத்து ஆள்:

சகோதரி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் அக்காவிடம் போனில் பேசினேன். காதுகுத்துக்குப் பெரியம்மாவை அழைக்கத் தனக்கு ஆசையாக இருந்தது என்று இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் சொல்கிறது. எங்கள் யாருக்கும் அன்றைக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

கோயில் என்ன ஆனது என்று தனிச்செய்தியில் சிலர் கேட்டிருந்தீர்கள். 2003 மாசியில் திறந்தார்கள். பெரியப்பா அதற்கு முன்பே தவறிவிட்டார். பரிவட்டம் எந்த வகையறாவுக்கும் வேண்டாம், சாமி வேலுக்கே கட்டுவோம் என்று பேசி முடித்தார்கள். கட்டச் சொல்லிப் பரிவட்டத்தைச் சித்தப்பாவிடம் கொடுத்தார்கள். வேல் உயரம். அவர் கை எட்டவில்லை. பெரியப்பா மகன் கூட்டத்திலிருந்து வந்து, “சித்தப்பா, அந்த முனையைப் பிடிங்க” என்று சொல்லி, மறுமுனையைத் தான் சுற்றிக் கட்டினான்.