டேட்டாபேஸ் எழவில்லை, டம்ப் கோப்புகள் எல்லாம் 20 பைட்

மழைத்துளி:
வணக்கம். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில், தொலைக்காட்சிக்குக் கீழே ஒரு பழைய சிறு கணினி இரவு பகலாக ஓடுகிறது. இயங்குதளம் டெபியன், நிரல்களைத் தனித்தனிக் கண்டெய்னர்களாக (பெட்டிகளாக) ஓட்டும் டாக்கர், அதன்மேல் கோப்புகளைச் சேமித்துப் பகிரும் நெக்ஸ்ட்கிளவுட். காலமான அப்பாவின் படங்களும் குரல் பதிவுகளும் அதில்தான் இருக்கின்றன. அம்மா தினமும் கைப்பேசியில் திறந்து பார்ப்பார்.

புதுப்பிப்பதற்கு நானே ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) எழுதி, ஞாயிறு அதிகாலை 3 மணிக்கு ஓடும்படி கிரானில் (குறித்த நேரத்தில் தானே ஓட்டும் நிரலில்) போட்டிருந்தேன். முதலில் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸை டம்ப் (காப்பு நகல்) எடுத்து ஜிஜிப்பால் சுருக்கும், பிறகு புது இமேஜ்களை (கண்டெய்னர்களுக்கான நிரல் தொகுப்புகளை) இறக்கிக் கண்டெய்னர்களை எழுப்பும், கடைசியில் பழைய இமேஜ்களை அழித்துவிடும். நெக்ஸ்ட்கிளவுடுக்குப் பதிப்பு எண் கொடுத்திருந்தேன். டேட்டாபேஸுக்கு மட்டும் ‘லேட்டஸ்ட்’ (எப்போதும் ஆகப் புதியது) என்றே விட்டுவிட்டேன்.

நேற்றுக் காலை 11 மணிக்கு, அம்மா படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் நின்றுவிட்டது. தரவு போஸ்ட்கிரெஸின் 16ஆம் பதிப்பில் உருவானது, 17 அதை ஏற்காது என்று லாக் (நிகழ்வுப் பதிவு) சொல்கிறது. டம்ப்பைத் தேடிப் போனால், ஏழு மாதக் கோப்புகளும் தலா 20 பைட்! கை நடுங்குகிறது. எதையும் தொடாமல் வைத்திருக்கிறேன்.

தேக்காவாசி:
தொடாமல் விட்டீர்களே, அதுவே பெரிய காரியம். படங்கள் டேட்டாபேஸுக்குள் இல்லை. நெக்ஸ்ட்கிளவுடின் தரவுக் கோப்புறையில் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும், போய்ப் பாருங்கள். டேட்டாபேஸும் பத்திரமாக இருக்கும். 17 வாசலிலேயே பதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டு நின்றுவிடும், உள்ளே ஓர் எழுத்தையும் மாற்றாது.

கண்டெய்னர்களை நிறுத்தி, டேட்டாபேஸ் கோப்புறையை அப்படியே வெளி வட்டுக்கு நகலெடுங்கள். அதன் பிறகு கம்போஸ் கோப்பில் (கண்டெய்னர்களின் அமைப்பை எழுதிவைக்கும் கோப்பில்) ‘லேட்டஸ்ட்’ இருக்கும் இடத்தில் 16 என்று எழுதி எழுப்புங்கள். ஸ்கிரிப்ட் பழைய இமேஜை அழித்திருந்தாலும் 16 மறுபடி இறங்கும். 17க்கு என்ன அவசரம்? போகும் நாளில் 16இல் டம்ப் எடுத்து, காலிக் கோப்புறையில் 17ஐத் தொடங்கி அதில் ஏற்ற வேண்டும்.

ஸ்கிரிப்ட் ஏன் காலை 11 மணிக்கு ஓடியது என்றால், உங்கள் கணினியின் கடிகாரம் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கிறது. அதற்கு அதிகாலை 3 என்றால் சிங்கப்பூருக்குக் காலை 11.

கரும்பலகை:
அந்த 20 பைட் எனக்கும் நேர்ந்தது. டம்ப் வரியில், கண்டெய்னருக்குள் ஒன்றை ஓட்டும் ‘டாக்கர் எக்ஸெக்’ கட்டளைக்குப் பின் ஐ, டி என்ற இரண்டு எழுத்துகளையும் சேர்த்திருக்கிறீர்களா? டி ஒரு டெர்மினலைக் கேட்கும். கையால் ஓட்டும்போது டெர்மினல் உண்டு, கிரானில் கிடையாது. டம்ப் தொடங்காமலே விழுந்துவிடும். ஜிஜிப்போ தனக்கு வந்த வெறுமையைச் சுருக்கி எழுதிவிட்டு வெற்றி என்று சொல்லும். ஒன்றுமில்லாததைச் சுருக்கினால் வருவது சரியாக 20 பைட்.

பைப்பில் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குத் தரும் தொடரில்) கடைசிக் கட்டளையின் முடிவையே ஷெல் கணக்கில் எடுக்கிறது. ஆகவே பிழை வந்தால் நிற்கச் சொல்லும் ‘செட் -ஈ’ மட்டும் உங்களைக் காப்பாற்றாது. பாஷ் ஷெல்லில், தொடரில் எது விழுந்தாலும் தோல்வி என்று கொள்ளும் ‘பைப்ஃபெயில்’ என்பதையும் சேருங்கள், டி எழுத்தை எடுத்துவிடுங்கள்.

மழைத்துளி:
டி இருந்தது. எடுத்துவிட்டேன். 16 எழுந்துவிட்டது, படங்கள் அத்தனையும் இருக்கின்றன. புது டம்ப் 41 எம்பி. அதை ஒரு தனிக் கண்டெய்னரில் 17இல் ஏற்றியும் பார்த்துவிட்டேன், ஏறுகிறது. டம்ப் 1 எம்பிக்குக் குறைந்தால் இமேஜ் இறக்காமலே ஸ்கிரிப்ட் நின்றுவிடும்படி மாற்றியிருக்கிறேன். நேர மண்டலமும் சிங்கப்பூருக்கு மாறிவிட்டது.

இருவருக்கும் நன்றி. அடுத்த அறையில் அப்பாவின் குரல் கேட்கிறது.